பதினோரு நிமிடத்துக்கு முன்னால்

போன வாரம் ஒரு சானலில் 'சென்னையில் ஒரு நாள்' படத்தை மறுபடி போட்டார்கள். 2013-ல் வந்த படம். சரத்குமார், சேரன், பிரகாஷ்ராஜ், பிரசன்னா, ராதிகா என்று ஒரு பெரிய கூட்டமே நடித்திருக்கிறது. மூளைச்சாவு அடைந்த ஒரு பையனின் இதயத்தைச் சென்னையிலிருந்து வேலூருக்குக் காரில் கொண்டுபோக வேண்டும். நேரத்துக்குள் போய்ச் சேருமா, சேராதா? விளம்பர இடைவேளையில்கூட எழுந்திருக்க மனசு வரவில்லை. 2011-ல் மலையாளத்தில் ராஜேஷ் பிள்ளை எடுத்த 'டிராஃபிக்' படத்தின் தமிழ் வடிவம் என்பதால் திரைக்கதை ஏற்கெனவே இழைத்து வைத்த பலகை மாதிரி வழவழவென்று இருக்கிறது. விறுவிறுப்பில் குறையே இல்லை.

என் மனத்தாங்கல் வேறு. அந்தக் கதை நம்ம ஊர்க் கதை. கொச்சி வரை போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது, அதில் முக்கியமான ஒரு பாகம் காணாமல் போயிருந்தது.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற பாதையில் நடுவே வருகிறது திருக்கழுக்குன்றம். ஒரு காலத்தில் உச்சிவேளையில் கழுகு வருகிறதா என்று பார்க்க ஜனங்கள் மூச்சிரைக்க மலையேறிய ஊர். கழுகுகள் வருவது நின்று பல வருஷங்களாகின்றன. 2008 செப்டம்பரில் இந்த ஊர் வேறொரு காரணத்துக்காகத் தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டது. இங்கே மருத்துவம் பார்த்துவந்த டாக்டர் தம்பதி அசோகன் - புஷ்பாஞ்சலியின் மகன் ஹிதேந்திரன், பள்ளிக்கூடம் போகிற பையன், மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டான். சென்னைக்குக் கொண்டுபோனார்கள். மூளைச்சாவு என்று தெரிந்ததும், பெற்றோர் அவன் உறுப்புகளைக் கொடுக்கச் சம்மதித்தார்கள். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேர் வரை போலீஸ் சாலையைத் திறந்துவிட, 11 நிமிடத்தில் இதயம் போய்ச் சேர்ந்தது. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பொருத்தினார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது சரித்திரம். இறந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறும் அரசுத் திட்டம் அந்த வருஷமே வேகம் பிடித்தது. 'ஹிதேந்திரன் விளைவு' என்றே பத்திரிகைகள் எழுதின. 2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதலமைச்சர் அறிவித்தார்.

பத்திரிகைகள் பதினோரு நிமிடத்தைப் பிடித்துக்கொண்டன. சினிமா அந்தப் பதினோரு நிமிடத்தை இரண்டு மணி நேரமாக இழுத்துக்கொண்டது. அதற்கு முன்னால் ஒரு தகப்பனும் தாயும் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்களே, அந்த மணி நேரங்கள்? அதை யாரும் எடுக்கவில்லை.

படத்தில் ஜெயப்பிரகாஷும் லட்சுமி ராமகிருஷ்ணனும் பெற்றோர். இரண்டு பேருமே நல்ல நடிகர்கள். முதலில் தயங்குகிறார்கள். பிறகு சம்மதிக்கிறார்கள். நாம் கண்ணைத் துடைத்துக்கொள்வதற்குள் கார் கிளம்பிவிடுகிறது. காரில் போகிற டாக்டர் பிரசன்னாவின் சொந்தக் குடும்பப் பிரச்னைமேல் இருக்கிற அக்கறைகூட இந்தத் தயக்கத்தின்மேல் இயக்குநருக்கு இல்லை. அது மட்டுமா? இதயத்துக்காகக் காத்திருப்பவள் ஒரு சூப்பர் ஸ்டாரின் மகள். அவசரத்தை ஏற்றுவதற்கான வழி அது, புரிகிறது. ஆனால் பறிகொடுத்தவர்களின் கதவை வாங்கப்போகிறவரின் அவசரம் தட்டக் கூடாது என்பதுதான் இந்த விஷயத்தில் அடிப்படை. சாவை உறுதி செய்கிற டாக்டர்கள் வேறு, உறுப்பை எடுத்துப் பொருத்துகிற டாக்டர்கள் வேறு என்று சட்டம் பிரித்து வைத்திருப்பதே அதற்காகத்தான். நான்கு டாக்டர்கள் பார்க்க வேண்டும், ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு தடவை சோதிக்க வேண்டும் என்பதெல்லாம் 1994-ம் வருஷச் சட்டமும் அதன் விதிகளும் போட்ட வேலி.

இன்னொன்று. படம் பார்த்த பலர், "பையன் பிழைக்க மாட்டான்னு தெரிஞ்சதும் பெத்தவங்க மனசைக் கல்லாக்கிட்டு விட்டுட்டாங்க" என்கிறார்கள். அப்படி இல்லை சார். மூளைச்சாவு என்றால் சாவு. வென்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளுவதால் நெஞ்சு ஏறி இறங்குகிறது, கை தொட்டால் சூடாக இருக்கிறது, அவ்வளவுதான். ஹிதேந்திரனின் அம்மா அப்பாவிடம் யாரும் மகனின் உயிரைக் கேட்கவில்லை. அது போய்விட்டிருந்தது. இரண்டு பேருமே டாக்டர்கள் என்பதால் அந்த வார்த்தையின் அர்த்தம் அவர்களுக்கு உடனே தெரிந்திருக்கும். தெரிந்தும் பெற்ற மனசு அதை ஏற்றுக்கொள்ள எத்தனை பாடுபட்டிருக்கும்? ஒரு பெரிய படத்துக்கான விஷயம் அங்கேதான் இருந்தது. அதை விட்டுவிட்டுக் காரைத் துரத்திக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒரு விதத்தில் பார்த்தால் அது தெளிவான கேஸ். நான் இப்படிச் சொல்வதை அந்தப் பெற்றோர் மன்னிக்க வேண்டும். சட்டம் தெளிவு. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரில் ஒருவர் சம்மதித்தால் போதும். சிக்கலே, சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை என்று கிடக்கிறார்களே, அவர்கள் விஷயத்தில்தான். பக்கவாதம் வந்து நினைவு திரும்பாதவர்கள், புற்றுநோய் முற்றி மெஷினில் மூச்சு விடுகிறவர்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய நேரத்தில் யார் சொல்வது?

நம் சினிமாவில் இதற்கு ரொம்ப காலமாக ஒரே பதில்தான். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சிவப்பு விளக்கு அணையும். டாக்டர் கண்ணாடியைக் கழற்றுவார். "எங்களால முடிஞ்சதைச் செஞ்சிட்டோம். இனிமே எல்லாம் அந்த ஆண்டவன் கையில." ஆக, முடிவெடுப்பவர் ஆண்டவன். கதாநாயகி கோயிலுக்கு ஓடி மணியடித்தால் அவர் சாதகமாக முடிவெடுப்பார்.

2002-ல் 'ரமணா' வந்து இந்த நம்பிக்கையை உடைத்தது. ஏற்கெனவே இறந்துபோனவரின் உடலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்க, அவர்கள் மும்முரமாக வைத்தியம் பார்த்து பில் போட, விஜயகாந்த் டெத் சர்டிஃபிகேட்டை எடுத்து நீட்டுவார். தியேட்டரில் விசில் காதைப் பிளந்தது. அந்த ஒரு காட்சி தமிழ்நாட்டு ஐ.சி.யூ. வாசல்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. "இன்னும் ரெண்டு நாள் வென்டிலேட்டர்ல வெச்சுப் பார்ப்போம்" என்றால், "ரமணா படம் மாதிரி பண்றாங்கப்பா" என்று பெஞ்சில் ஒருவர் முணுமுணுக்கிறார். "இனி பிரயோஜனம் இல்லை" என்றாலோ, கிட்னியை எடுக்கப் பார்க்கிறார்கள் என்று இன்னொருவர். எப்படிப் பேசினாலும் டாக்டர்மேல் சந்தேகம்தான். அந்தச் சந்தேகத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சந்தேகத்துக்குப் பயந்து டாக்டர்கள் கண்டுபிடித்திருக்கிற வழி இருக்கிறதே, அது அதைவிட மோசம். "நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்று ஃபைலை மூடிவிட்டுப் போவது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். மாமல்லபுரத்தில் பெரியவர் கல் சிற்பி. மனைவி போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. மூத்த மகன் செங்கல்பட்டில், இளையவன் கலிஃபோர்னியாவில், நடுவில் ஒரு மகள். அப்பாவோடு இருந்தது அந்த மகள்தான். ஆறு வருஷம் சோறு ஊட்டியது, குளிப்பாட்டியது எல்லாம் அவர். ஒருநாள் பெரியவருக்கு மூளையில் ரத்தக்கசிவு. ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். நினைவு திரும்பவில்லை. பத்தாவது நாள் டாக்டர் வெளியே வந்தார். "தொண்டையில ஓட்டை போட்டு ட்யூப் வெச்சு வென்டிலேட்டரைத் தொடரலாம். இல்ல, போதும்னு நிறுத்திக்கலாம். உங்க ஃபேமிலில யார் டிசிஷன் எடுப்பாங்க?"

மூத்தவர் செல்போனை எடுத்தார். அங்கே நடுராத்திரி. இளையவன், "செலவைப் பத்தி யோசிக்காத அண்ணா. என்னென்ன முடியுமோ எல்லாம் பண்ணச் சொல்லு" என்றான். பணம் அனுப்புகிறவன் சொல்லிவிட்டான், முடிந்தது. ஓட்டை போட்டார்கள். பெரியவர் இன்னும் பத்தொன்பது நாள் இருந்தார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்த மகள் என்னிடம் சொன்னார்: "பக்கத்து வீட்ல ஒருத்தர் இதே மாதிரி கிடந்தப்ப அப்பா பார்த்துட்டு வந்து சொன்னாரு சார். உளி பிடிக்க முடியாத கையை வெச்சுக்கிட்டு என்னடி பண்றது, என்னை இப்படி ஒயர்ல கட்டிப் போட்டுடாதீங்கன்னு. ரெண்டு தடவை சொல்லியிருக்காரு."

"நீங்க ஏம்மா அதைச் சொல்லலை?"

"யாரும் என்னைக் கேட்கலையே."

ஃபிளாஸ்க்கை வைத்துக்கொண்டு அதே வராந்தாவில்தான் அவரும் நின்றிருந்தார். அமெரிக்க டாக்டர்கள் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்: 'கலிஃபோர்னியா மகள்'. பல வருஷம் எட்டிப் பார்க்காத ஒரு பிள்ளை கடைசி நேரத்தில் விமானம் ஏறி வந்து, "எல்லாவற்றையும் செய்யுங்கள்" என்று சத்தம் போடுமாம். கலிஃபோர்னியாவில் இருக்கிற டாக்டர்கள் அதையே 'நியூயார்க் மகள்' என்கிறார்களாம். நம் பக்கத்தில் மகன். விமானம்கூட ஏற வேண்டியதில்லை, வாட்ஸ்அப் போதும். அந்த இளையவனையும் நான் திட்ட மாட்டேன். தூரத்தில் இருக்கிற குற்ற உணர்ச்சிக்குச் செலவு செய்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

தப்பு கேள்வியில் இருக்கிறது. "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டால், பணம் இருப்பவன் பணத்திலிருந்து பதில் சொல்வான், பயம் இருப்பவன் பயத்திலிருந்து சொல்வான். "உங்க அப்பாவால பேச முடிஞ்சா இப்ப என்ன சொல்வாரு? அது யாருக்குத் தெரியும்?" என்று அந்த டாக்டர் கேட்டிருந்தால், ஃபிளாஸ்க்கோடு நின்றவர் முன்னால் வந்திருப்பார்.

அப்படியானால் குடும்பத்தை நம்பலாமா? இங்கேதான் நம் சினிமாவின் இன்னொரு வரிசையைப் பார்க்க வேண்டும். தெற்கே விருதுநகர், மதுரைப் பக்கக் கிராமங்களில் தலைக்கூத்தல் என்று ஒன்று உண்டு. படுத்துவிட்ட கிழவர் கிழவிக்குக் குளிரக் குளிர எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீராகக் கொடுத்து, கதையை முடிப்பது. இதை வைத்துச் சில வருஷ இடைவெளியில் மூன்று படங்கள் வந்துவிட்டன. பிரியா கிருஷ்ணசாமியின் 'பாரம்', 2018-ம் வருஷத்துக்கான சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது வாங்கியது. அதில் பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிவுதான். வைத்தியம் பார்த்தால் எழுந்து நடப்பார். மகன் வேறு கணக்குப் போடுகிறான். 'கே.டி. (எ) கருப்புதுரை' 2019-ல் வந்தது, மதுமிதா இயக்கம். கோமாவில் கிடக்கும் மு.ராமசாமியைச் சுற்றி உட்கார்ந்து குடும்பமே தலைக்கூத்தலுக்குத் திட்டம் போட, கிழவர் கண் விழித்து அதைக் கேட்டுவிட்டு ஓட்டம் பிடிக்கிறார். நோயாளியின் கருத்து இவ்வளவு தெளிவாகப் பதிவான இன்னொரு தமிழ்ப் படம் எனக்குத் தெரியாது!

மூன்றாவது, ஜெயபிரகாஷ் ராதாகிருஷ்ணனின் 'தலைக்கூத்தல்', 2023. அதிகம் பேர் பார்க்கவில்லை. மூன்றில் எனக்குப் பிடித்தது அதுதான். அசைவில்லாமல் கிடக்கிற அப்பாவை விட்டுக்கொடுக்க மகன் சமுத்திரக்கனிக்கு மனசு வரவில்லை. வீட்டில் வறுமை, மனைவியின் நெருக்கடி, ஊர்ப் பேச்சு. நடுநடுவே படம் படுத்திருப்பவரின் வாலிபத்துக்குப் போய்விடுகிறது. சுற்றி நிற்பவர்கள் 'இதை என்ன செய்வது' என்று பேசிக்கொண்டிருக்கும்போது, 'இது' என்று சுட்டப்படுகிற உடம்புக்குள் ஒரு காதல் கதை ஓடிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் மெதுவாகப் போகிற படம்தான். ஆனால் கேள்வியைச் சரியான ஆளிடம் கொண்டுபோய் வைத்த படம்.

குடும்பம் என்பது ஒரே குரல் இல்லை. அமெரிக்காவில் டெரி ஷியாவோ விஷயத்தில் கணவர் ஒரு பக்கம், பெற்றோர் ஒரு பக்கம் நின்று வருஷக்கணக்கில் வழக்காடினார்கள். அதிபர் புஷ் வரைக்கும் தலையிட்டார். உணவுக் குழாயை எடுத்த பிறகு 2005 மார்ச் 31-ல் அந்தப் பெண் இறந்தார். பதினைந்து வருஷம் நினைவில்லாமல் கிடந்தார். தன் விருப்பத்தை அவர் எழுதி வைத்திருக்கவில்லை.

நம் நாட்டில் அருணா ஷான்பாக். மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ். 1973 நவம்பரில் அங்கேயே வேலை பார்த்த ஒருவனால் கொடூரமாகத் தாக்கப்பட்டு, நாற்பத்தொரு வருஷங்களுக்கு மேல் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கிடந்தார். அவரைப் பற்றிப் புத்தகம் எழுதிய பிங்கி விரானி, உணவு கொடுப்பதை நிறுத்த அனுமதி கேட்டு உச்ச நீதிமன்றம் போனார். 2011 மார்ச் 7-ல் தீர்ப்பு. அருணா சார்பில் பேசும் உரிமை விரானிக்கு இல்லை, இத்தனை வருஷம் அவரைக் கழுவித் துடைத்துப் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குத்தான் என்றது நீதிமன்றம். அவர்கள் அருணா இருக்கட்டும் என்றார்கள். 2015 மே மாதம் நிமோனியாவில் அவர் இறந்துபோனார். ரத்த உறவு இல்லை, பணம் கட்டியவர் இல்லை, புத்தகம் எழுதியவரும் இல்லை, தொட்டுப் பார்த்துக்கொண்டவர்கள்! இந்த ஒரு அளவுகோலுக்காக எனக்கு அந்தத் தீர்ப்பின்மேல் மரியாதை உண்டு. ஆனாலும், அருணா என்ன சொல்லியிருப்பார் என்பது அந்த நர்ஸுகளுக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

2018 மார்ச் 9-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, நினைவு இருக்கும்போதே ஒருவர் தன் விருப்பத்தை எழுதி வைக்கலாம், அது செல்லும் என்று சொன்னது. தனக்காகப் பேச யார் என்பதையும் அதில் குறிப்பிடலாம். எழுதாதவர்களுக்கு நெருங்கிய உறவினரின் சம்மதம். ஆனால் மாஜிஸ்திரேட் கையெழுத்து, மாஜிஸ்திரேட் நேரில் வந்து பார்ப்பது என்று அப்போது போட்ட நிபந்தனைகளைப் பார்த்தால், நடைமுறை முடிவதற்குள் நோயாளி தானாகவே முடிந்துவிடுவார். 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தினார்கள். இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் ஆபீசர் போதும். ஆஸ்பத்திரியில் மூன்று டாக்டர்கள் பார்க்க வேண்டும், பிறகு வேறு மூன்று டாக்டர்கள், அவர்களில் ஒருவர் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமித்தவர். இரண்டு குழுக்களும் முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும். இதையும் தொந்தரவு என்கிறார்கள். 'பாரம்' படத்து மகனைப் பார்த்த பிறகு அந்த ஆறு டாக்டர்களும் அங்கே இருக்கட்டும் என்றுதான் நான் சொல்வேன்.

ஆனால் உறவினர் என்றால் எந்த உறவினர்? மனைவியா, மூத்த மகனா, பார்த்துக்கொண்ட மகளா? ஒன்றுக்கொன்று ஒத்துவராதபோது யார் சொல்வது எடுபடும்? அதை யாரும் வரிசைப்படுத்தவில்லை. வராந்தாவில் சத்தமாகப் பேசுகிறவர் பக்கம் சட்டம் சாய்ந்துவிடுகிறது. இதே ஆள் கோமாவில் இருக்கும்போது அவர் பேரில் இருக்கிற நிலத்தை விற்க வேண்டுமானால்? அப்போது ரொம்ப ஜாக்கிரதை. கோமாவில் இருக்கிறவருக்குக் கார்டியன் நியமிக்கத் தனிச் சட்டம் இல்லாததால், மனைவியே ஆனாலும் கோர்ட் படி ஏற வேண்டும். 2024-ல் அப்படி ஒரு மனைவிக்காக சென்னை உயர் நீதிமன்றம் தன் விசேஷ அதிகாரத்தைப் பயன்படுத்தித்தான் வழி செய்து கொடுக்க வேண்டியிருந்தது. சொத்துக்கு ஹைகோர்ட், மூச்சுக்குழாய்க்கு ஒரு பால்பாயின்ட் பேனா.

அந்தச் சிற்பியின் மகள் இப்போது தனக்காக ஒன்று எழுதி வைக்கப்போகிறாராம். தன் சார்பில் பேச அண்ணன் மகளின் பெயரைப் போடப்போகிறார். "அவதான் சார் என்கூட உக்காந்து பேசறவ" என்றார். எழுதியதன் பிரதி ஒன்றை உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், அங்கே அதைப் பத்திரமாக வைத்திருக்க ஓர் அதிகாரியை நியமித்திருக்க வேண்டும் என்பது 2023 உத்தரவிலேயே இருக்கிறது. நான் அதைச் சொன்னதும், வீட்டு வரி கட்டுகிற அலுவலகம்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"அங்க எந்த கவுன்ட்டர்ல குடுக்கணும்?"